ஒரு கிள்ளு

பெரிய நகரத்துக்கு முதல்முறை வருகிறவர்கள் எல்லாரும் அண்ணாந்துதான் பார்ப்பார்கள். கஜக்கோல் குனிந்து பார்த்தாள். வம்பு அங்கேதான் தொடங்கியது.

கஜக்கோல் என்பது கல்லூரி விடுதியில் வைத்த பெயர். ஆள் ஒல்லி, நெட்டை, அப்பாவுக்குத் துணிக்கடை. துணி அளக்கிற கோலைத் தவிர வேறு எந்தப் பெயர் அவளுக்குப் பொருந்தும்? அவளும் அதற்காக யாரிடமும் பேரம் பேசவில்லை. ஓசியில் கிடைத்ததை வேண்டாமென்று சொல்லுகிற பழக்கம் அவர்கள் வீட்டில் கிடையாது.

கூட வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் சட்டம் படிக்கிற வக்கீல். பட்டம் வாங்க இன்னும் காலம் இருக்கிறது, ஆனால் வாய்க்கு அது தெரியாது. இன்னொருத்தி பொடிசு. உயரத்தில் கஜக்கோலின் தோளுக்கு எட்டமாட்டாள். பேச்சில் யாரும் அவளுடைய தோளுக்கு எட்டமாட்டார்கள். மூவரும் விடுமுறையில் ஊர் சுற்ற வந்தார்கள் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். அதில் பொய் இல்லை, கொஞ்சம் அளவு குறைவு, அவ்வளவுதான்.

உண்மையில் கஜக்கோலுக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. கல்லூரியில் கடைசி வருடப் புகைப்பட வகுப்பில் சேர வேண்டுமானால், அவள் எடுத்த படம் அவள் பெயரோடு எங்காவது அச்சில் வந்திருக்க வேண்டும். வராவிட்டால் கணக்கியல் வகுப்பு. அப்பா அதில் ஏற்கெனவே இடம் பிடித்து வைத்துவிட்டார், பேருந்து ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிற மாதிரி. இந்த நகரத்தில் ஒரு பெரிய வாரப் பத்திரிகை இருந்தது. அதன் படப்பகுதி ஆசிரியை வெள்ளிக்கிழமை மதியங்களில் மாணவர்களைப் பார்ப்பார்; யார் வேண்டுமானாலும் படங்களோடு போகலாம். அந்த வெள்ளிக்கிழமைக்குள் நகரத்தைப் படம் பிடித்தாக வேண்டும்.

முதல் நாள் மூவரும் கால் தேய நடந்தார்கள். ஆற்றுப் பாலம், மணிக்கூண்டு, கண்ணாடிக் கட்டடங்கள், ரயில் நிலையம். வக்கீல் ஒவ்வொன்றின் முன்னாலும் சொந்தக் கட்டடம் போல நின்று கொடுத்தான். சாயங்காலம், சைக்கிள் கடைக்கு மேலே எடுத்திருந்த வாடகை அறையில், கட்டிலின் மேல் மடிக்கணினியை வைத்துப் படங்களைத் திறந்தார்கள்.

வக்கீல் திரையை நோக்கிக் குனிந்தான்.

"இதுல நான் எங்க?" என்றான் வக்கீல்.

"அந்தப் பழுப்புச் செருப்பு" என்றாள் பொடிசு.

"பாலத்துக்கு முன்னாடி கையை விரிச்சிக்கிட்டு நின்னேனே. மூஞ்சி வேகுற வெயில்ல நின்னேன்."

"செருப்பு நல்லா வந்திருக்குடா."

பொடிசு ஒவ்வொரு படமாகத் தள்ளினாள். கால்கள். முட்டிக்குக் கீழே நகரம் முழுக்க இருந்தது. மேலே ஒன்றும் இல்லை. மணிக்கூண்டுக்குக்கூட அடிவாரம்தான் கிடைத்திருந்தது.

"என் தலை எங்கடி? எனக்கு இருக்கறதே கொஞ்சம் உயரம். அதுலயும் பாதியை வெட்டிட்டியா?"

கஜக்கோலுக்கு முகம் சுண்டிப்போயிற்று. எடுக்கும்போது அவளுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. கண் தானாகக் கீழே போயிருக்கிறது, கையும் கூடவே போயிருக்கிறது. ஏன் என்று அவளுக்குத் தெரியும். சொல்லத்தான் கூச்சம்.

"சிரிக்கக் கூடாது" என்று ஆரம்பித்தாள். இருவரும் அப்போதே சிரித்துவிட்டார்கள்.

கடையில் அம்மாதான் விற்பனை, அப்பா கொள்முதல். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால், துணி வெட்டும் மேசைக்கு அடியில் துண்டுத் துணிகளைப் பரப்பி அவளை உட்கார வைத்துவிடுவார்கள். அங்கிருந்து பார்த்தால் உலகத்துக்குத் தலை கிடையாது. வருகிறவர்கள் எல்லாரும் வெறும் கால்தான். பேச்சு மேலே நடக்கும், நிஜம் கீழே நடக்கும். "என்னங்க இது, சாயம் போற துணி" என்று குரல் முகம் சுளிக்கும். கால் கட்டைவிரல் மட்டும் மேசையை மோப்பம் பிடித்துக்கொண்டே நிற்கும். "அப்ப நாங்க வர்றோம்" என்று சொல்லிவிட்டுக் குதிகாலை ஊன்றி நிற்கிறவர்கள் எங்கேயும் போகமாட்டார்கள். பேசாமல் சிரித்துக்கொண்டிருப்பவரின் பாதம் வாசல் பக்கம் திரும்பிவிட்டதென்றால், ஆள் மனசால் ஏற்கெனவே பக்கத்துக் கடையில் உட்கார்ந்து துணி பிரித்துக்கொண்டிருக்கிறார்.

அப்போதெல்லாம் அவள் மேசைக்கு அடியிலிருந்து அம்மாவின் கணுக்காலைக் கிள்ளுவாள். ஒரு கிள்ளு என்றால் நின்றுகொள், வாங்கத்தான் போகிறார்கள். இரண்டு கிள்ளு என்றால் இறங்கி வா, ஆள் நழுவுகிறது. அம்மா ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. வாக்கியத்தின் நடுவில் கிள்ளு வந்தால் நடுவிலேயே வண்டியைத் திருப்புவாள். அந்தக் கடைவீதியே அம்மாவுக்கு ஏதோ வசிய மை கிடைத்திருக்கிறது என்று பேசிக்கொண்டது. மை மேசைக்கு அடியில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது.

கேட்டு முடித்தபோது வக்கீல் சிரிக்கவில்லை. பொடிசு படங்களை மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். இந்த முறை மெதுவாக.

"இந்த ரயில்வே ஸ்டேஷன் படத்துல, வழியனுப்ப வந்தவ காலு எதுன்னு தெரியுது" என்றாள். "ஏறப் போறவன் செருப்பு படியைப் பாக்கவே இல்ல. அவளைத்தான் பாக்குது."

"தெரியுதா?"

"எனக்கே தெரியுதுடி. அப்ப இது தப்பு இல்ல. தெரியாம எடுத்ததுதான் தப்பு. நாளையிலேர்ந்து தெரிஞ்சு எடு."

அதற்குப் பிறகு அவர்கள் சுற்றியது வேறு நகரம். வரைபடத்தில் போட்டிருந்த இடங்களை விட்டுவிட்டு, மனிதர்கள் எங்கே முடிவெடுக்கத் திணறுவார்களோ அங்கேயெல்லாம் போனார்கள். வக்கீல் ஆசைப்பட்ட நீதிமன்ற வராந்தாவில், சமாதானமாகப் போகலாமா என்று பேசிக்கொண்டிருந்த அண்ணன் தம்பி இருவரின் பளபளத்த காலணிகள், ஒன்றையொன்று பார்க்காமல் ஆனால் ஒட்டிக்கொண்டு. வேலைக்கு ஆள் எடுக்கும் அலுவலகத்தின் கதவுக்கு முன்னால், கதவைத் தட்டலாமா வேண்டாமா என்று ஒருகால் முன்னும் ஒருகால் பின்னுமாக ஒரு இளம்பெண். நடனப் பள்ளியின் வாசற்படியில், உள்ளே போக மறுத்துக் கம்பியைச் சுற்றிப் பின்னிக்கொண்ட சின்னப் பாதங்கள். எடுத்த பிறகு எல்லாரிடமும் படத்தைக் காட்டினாள். வேண்டாம் என்றவர்களின் படத்தை அங்கேயே அழித்தாள். பெரும்பாலானவர்கள், தங்கள் கால் இவ்வளவு பேசுமா என்று வியந்துபோய்ச் சரி என்றார்கள்.

பெரிய சந்தைக்குப் போனபோது வக்கீலின் வாய்க்கு வேலை வந்தது. பயணப் பெட்டி விற்கும் கடைகள் வரிசையாக இருந்த தெருவில், ஒரு கடைக்காரரிடம் அவன் சும்மா விலை கேட்க வேண்டும், எவ்வளவு நேரம் இழுக்க முடியுமோ இழுக்க வேண்டும். கஜக்கோல் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து லென்ஸைத் துடைப்பாள். லென்ஸ் துடைக்கிறவளை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். பொடிசு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தொழில் கற்றுக்கொள்வாள்.

வக்கீல் இருப்பதிலேயே பெரிய பெட்டியைக் காட்டினான். அவனே உள்ளே படுத்துத் தூங்கலாம், அவ்வளவு பெரிது.

"இது என்ன விலைண்ணே?"

கடைக்காரர் சொன்னார். வக்கீல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். பிறகு பாதிக்கும் கீழே ஒரு விலையைக் கேட்டான்.

"தம்பி, அந்த விலைக்குப் பெட்டியோட நிழலை வேணா எடுத்துட்டுப் போங்க."

"நிழலுக்குச் சக்கரம் இருக்காண்ணே? ஒரு சக்கரம் சுத்த மாட்டேங்குது பாருங்க."

"அது பிரேக்கு."

"மூணு சக்கரம் ஓடி ஒண்ணு நின்னா பிரேக்கா? அப்படின்னா எங்க ஊர் பஸ்ஸெல்லாம் பிரேக்குதான்."

"வியாபார நேரத்துல விளையாடாதீங்க. போங்க, வேற கடை பாருங்க." கடைக்காரர் முகத்தைத் திருப்பித் தெருவைப் பார்த்தார். கோபம் கொப்பளித்த முகம். ஆனால் கீழே அவருடைய கால் பெருவிரல், யாருக்கும் தெரியாமல், பெட்டியின் சக்கரத்தை வக்கீலின் முட்டியை நோக்கி மெல்லத் தள்ளிக்கொண்டிருந்தது.

கஜக்கோல் எடுத்தாள். எடுத்த கணமே அவளுக்குத் தெரிந்துவிட்டது, இனிமேல் இந்தப் பயணத்தில் எது கிடைக்காவிட்டாலும் நஷ்டமில்லை.

அதே கணத்தில் பொடிசு, கற்ற வித்தையைச் சோதித்துப் பார்க்கிற ஆசையில், வக்கீலின் கணுக்காலைக் கிள்ளினாள். ஒரே கிள்ளு. வக்கீலும் கேட்ட கதையின் ஞாபகத்தில் நின்றுகொண்டான்.

"நான் சொன்னதுதாண்ணே விலை."

கடைக்காரர் பெருமூச்சு விட்டார். "சரி, எடுத்துக்கோ. முதல் வியாபாரம், மனசு கெட வேண்டாம்."

மத்தியானம் சாய்ந்து, பாதிக் கடைகள் மூடுகிற நேரத்தில் நடந்த முதல் வியாபாரம் அது. கேட்ட விலைக்குக் கொடுத்த பிறகு வேண்டாம் என்று சொல்ல வக்கீலுக்கே வாய் வரவில்லை. பெட்டி அவன் தலையில் விழுந்தது. கஜக்கோல் படத்தைக் கடைக்காரரிடம் காட்டினாள். அவர் தன் விரலையே வெகுநேரம் பார்த்துவிட்டு, "எங்க வேணா போட்டுக்கம்மா, என் சம்சாரம் கண்ணுல மட்டும் படாம பாத்துக்க. இத்தனை வருஷத்துல அவ இன்னும் இதைக் கண்டுபிடிக்கலை" என்றார்.

தெருமுனையில் வக்கீல் பொடிசு மேல் பாய்ந்தான். "நான் வாங்கறதுக்கா பேசினேன்?"

"கிள்ளு சரியா இருந்துச்சா இல்லையா?"

"இருந்துச்சு."

"அப்ப பேசாம தள்ளிக்கிட்டு வா."

வெள்ளிக்கிழமை மதியம், அச்சடித்த படங்களை அந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்து எடுத்துக்கொண்டு பத்திரிகை அலுவலகத்துக்குப் போனார்கள். வீடு காலி செய்துகொண்டு வந்தவர்கள் போலிருக்கிறது என்று வாசலில் இருந்தவர் நினைத்திருப்பார். இரண்டு முறை கேட்டுத்தான் உள்ளே விட்டார்.

ஆசிரியையின் அறையில் காகிதம் உட்கார்ந்ததுபோக மிஞ்சிய இடத்தில்தான் மனிதர்கள் உட்கார வேண்டும். எதிரே ஒரே நாற்காலி. அதில் கஜக்கோல் உட்கார்ந்தாள். அவளுக்குச் சற்றுப் பின்னால், மேசைக்கு அடியில் பக்கவாட்டில் எட்டிப் பார்க்கிற வாகில், கயிறு கட்டிய பழைய இதழ்க் கட்டு ஒன்றின் மேல் பொடிசு அமர்ந்தாள். அவள் உயரத்துக்கு அது சிம்மாசனம். வக்கீல் படங்களை எடுத்துக் கொடுத்துவிட்டு, கதவை மறிக்கிறதே என்று பெட்டியை மேசை ஓரமாகத் தள்ளி நிறுத்தினான். மேசையின் முன்பக்கம் தரைவரைக்கும் பலகை அடித்திருந்தது. எதிரே உட்கார்ந்தவளுக்கு ஆசிரியையின் கால் தெரிய வழியில்லை. கஜக்கோல் அதைக் கவனித்தாள். காலைப் பார்க்காமல் அவள் யாரோடும் வியாபாரம் பேசியதே இல்லை.

ஆசிரியை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படங்களைப் புரட்டினார்.

"தலையெல்லாம் எங்கம்மா?"

"தலை பொய் சொல்லும் மேடம்."

ஆசிரியை நிமிர்ந்து ஒரு முறை பார்த்தார். பிறகு முன்னைவிட மெதுவாகப் புரட்டினார். பெட்டி விற்றவரின் பெருவிரலில் வந்து நின்றார், தாண்டினார், திரும்ப வந்தார். முகத்தில் ஒரு சுருக்கம் அசையவில்லை. கஜக்கோலுக்குத் தெரிந்த அத்தனை கொள்முதல்காரர்களும் இந்த முகத்தைக் காசு கொடுத்து வாங்கிப்போவார்கள்.

"இது ஒண்ணைக் குடு. அடுத்த இதழ்ல ஓரமா ஒரு இடம் இருக்கு, போட்டுக்கறேன். உன் பேர் கீழ வரும். மத்ததை எடுத்துக்க."

கல்லூரிக்கு அதுவே போதும். ஒரு படம், கீழே ஒரு பெயர். வக்கீல் பின்னாலிருந்து மூச்சு விடுவது கேட்டது. அந்த மூச்சே 'சரின்னு சொல்லித் தொலை' என்றது.

"மேடம், இதைத் தனியாப் போட்டா யாரோ தலையை வெட்டிட்டாங்கன்னு நினைப்பாங்க. எல்லாம் சேர்ந்து இருந்தாத்தான், வேணும்னே எடுத்ததுன்னு தெரியும்."

"இடம் இல்லைம்மா." ஆசிரியை அந்த ஒரு படத்தைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு மற்றவற்றை இந்தப் பக்கம் தள்ளினார். "வெளியில ஆள் காத்திருக்காங்க. ஒண்ணு. வேணுமா, வேணாமா?"

கஜக்கோல் அந்த முகத்தைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. நிஜமாகவே இடம் இல்லாமலும் இருக்கலாம். பிடிவாதம் பிடித்து இதையும் கோட்டைவிட்டால், அப்பா போட்டு வைத்த துண்டின் மேல் போய் உட்கார வேண்டியதுதான். அவள் சரி என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

கணுக்காலில் சுருக்கென்று ஒரு கிள்ளு.

அவள் இரண்டாவதற்காகக் காத்திருந்தாள். வரவில்லை.

திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்பது அம்மா சொல்லாமல் சொல்லிக்கொடுத்த பாடம். இத்தனை வருடம் கிள்ளிய பக்கத்திலேயே இருந்துவிட்டவளுக்கு, கிள்ளு வாங்குகிற பக்கம் எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது. பார்க்காமலே நம்ப வேண்டும். கீழே ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்ற அந்த ஒன்றை வைத்துக்கொண்டு, மேலே இருப்பவள் மலைபோல நிற்க வேண்டும்.

அவள் கையை நீட்டி, ஆசிரியையின் பக்கம் இருந்த அந்த ஒரு படத்தையும் எடுத்தாள். மற்றவற்றோடு சேர்த்து, ஓரங்களைத் தட்டிச் சரிசெய்தாள். விற்காத துணியை அப்பா சுற்றுகிற மாதிரி, அவசரமே இல்லாமல்.

"மன்னிச்சுக்கங்க மேடம். இது மொத்தமாத்தான் போகும். நடுவுல ஒரு முழம் கிழிச்சுக் குடுத்தா, குடுத்ததும் கந்தல், மிச்சம் இருக்கறதும் கந்தல்."

எழுந்தாள். வக்கீல் துக்க வீட்டிலிருந்து கிளம்புகிற முகத்தோடு பெட்டியை இழுத்தான். ஓடாத சக்கரம் கிறீச்சிட்டது. ஆசிரியையின் பார்வை சத்தம் வந்த திசைக்குப் போயிற்று.

"நில்லு. படத்துல இருக்கற பெட்டியா இது?"

"ஆமா மேடம்."

"வாங்கிட்டீங்களா?"

"வாங்கற உத்தேசம் இல்லை மேடம்" என்றான் வக்கீல். "மாட்டிக்கிட்டேன்."

ஆசிரியை சிரித்தார். கல்லாக இருந்த முகம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. "கொண்டா அந்தப் படங்களை" என்று கையை நீட்டினார். படங்களை மேசை மேல் சீட்டுப் பரப்புவது போலப் பரப்பினார். இடம் மாற்றினார், எழுந்து நின்று பார்த்தார், மறுபடி மாற்றினார்.

"நடுப்பக்கம் ரெண்டையும் தர்றேன். ஆனா ரெண்டு படம் குறைக்கணும்."

"ஒண்ணு மேடம்."

"உங்க வீட்ல என்னம்மா தொழில்?"

"துணி வியாபாரம்."

"நினைச்சேன். சரி, ஒண்ணு." ஆசிரியை கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "கல்லூரி முடிச்சதும் நேரா இங்க வா. வேற யார்கிட்டயும் போய் விலை கேக்காத."

படிக்கட்டு இறங்கும்வரை மூவரும் மரியாதையாக நடந்தார்கள். தெருவுக்கு வந்ததும் வக்கீல் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். "எனக்குக் கால் ரெண்டும் இல்ல. நீ போட்டோ எடுத்தாலும் விழாது."

கஜக்கோல் பொடிசைப் பிடித்துக்கொண்டாள். "எப்படி இருந்துச்சுடி அவங்க கால்? கட்டைவிரல் எந்தப் பக்கம் பாத்துச்சு? செருப்பைக் கழட்டிட்டாங்களா?"

"யாருக்குத் தெரியும்?"

"என்னது?"

"இந்த மகராசன் பெட்டியைக் கொண்டுவந்து நேரா என் மூக்குக்கு முன்னாடி நிறுத்திட்டான். அந்தம்மாவுக்குக் கால் இருக்கா இல்லையான்னே எனக்குத் தெரியாது."

கஜக்கோல் பிடியை விட்டாள். "அப்ப எதைப் பாத்துடி கிள்ளின?"

"உன்னோடதைத்தான். வேற எது தெரிஞ்சுது எனக்கு?" பொடிசு கடையில் சாமான் கேட்கிறவள் போலச் சாதாரணமாகச் சொன்னாள். "வாய் சரின்னு சொல்லப் போகுது. ஆனா கட்டைவிரல் ரெண்டும் செருப்பைக் கவ்விக்கிட்டுத் தரையில ஊணி நிக்குது. இறங்கிப் போற ஆளோட காலா அது? அதான் ஒண்ணோட நிறுத்திட்டேன்."

கஜக்கோல் குனிந்து தன் பாதங்களைப் பார்த்தாள். நகரம் முழுக்க எல்லார் காலையும் படித்தவள், இதை மட்டும் படிக்கவில்லை. அவை இரண்டும் இப்போதும் தெருவைத் தங்கள் பெயருக்கு எழுதி வாங்கியதுபோல அகலமாக ஊன்றி நின்றன. நன்றி என்று சொன்னால் பொடிசு சண்டைக்கு வருவாள் என்று தெரிந்ததால், அவளை இடுப்போடு தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிக் கீழே விட்டாள்.

பிறகு வீட்டுக்குப் போன் போட்டாள். அது கடை நேரம். பின்னால் துணி கிழிபடும் சத்தமும், யாரோ விலைக்கு மல்லுக்கட்டுகிற சத்தமும் கேட்டன. நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினாள். அம்மா குறுக்கே பேசவில்லை.

"எத்தனை கிள்ளு?" என்று மட்டும் கேட்டாள்.

"ஒண்ணும்மா."

"நின்னுட்டியா?"

"நின்னுட்டேன்."

மறுமுனையில் போன் கை மாறியது. "நடுப்பக்கமா?" என்றார் அப்பா. "அட்டையைக் கேட்டுப் பாத்தியா?" பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி சரி. அந்தக் கணக்கு வகுப்புத் துண்டை நான் எடுத்துடறேன். வேற யாராவது உக்காந்துக்கட்டும்."

போனை அணைக்க மறந்து அவர் மேசை மேலேயே வைத்துவிட்டிருக்க வேண்டும். அங்கே ஒரு பெண்மணி, "இவ்வளவு வாங்கறேன், கடைசியா ஒரு விலை சொல்லுங்க" என்று கெஞ்சுவது கேட்டது. அதற்கு அம்மா, கஜக்கோல் மேசைக்கு அடியில் இருந்த காலத்திலும் கேட்டிராத ஒரு குரலில் பதில் சொன்னாள்.

"அந்த விலைதாங்க. எங்க வீட்ல இன்னிக்கு யாரும் இறங்கி வர்றதா இல்லை."